டாக்டர் சபாபதியின் புளித்த கோழிகள்

கம்பெனியில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் தம்பி ஒருவர் சென்ற வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். வெளிநாட்டில் கோழியைச் சுத்தம் செய்து குளிரில் வைப்பதற்கு முன்னால் ஆர்கானிக் ஆசிட் கலந்த தண்ணீரில் முக்கி எடுக்கிறார்களாம். கிருமி தலை தூக்காதாம். ரொம்பப் புது முறையாம். இது பற்றி எனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார். ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்பது குளத்து மடையைப் பிடுங்கிவிட்டுக் கரையில் நிற்பது மாதிரி. அவருடைய காபி ஆறியது. இரண்டாவது காபி வந்து அதுவும் ஆறியது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "சார், நீங்க இதையெல்லாம் எழுதணும்" என்றார். தப்பித்துப் போக நினைக்கிறவர்கள் எல்லோரும் சொல்வது இதைத்தான். இருந்தாலும் எழுதிவிட்டேன். அவர் படிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதையில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கல்லூரியில் ரசாயனம் படித்தேன் என்பதைவிட, ரசாயன வகுப்பில் உட்கார்ந்து நாவல் படித்தேன் என்பதே சரி. அதற்கேற்ற மதிப்பெண் வந்தது. ஐம்பதுகளின் கடைசியில், தென்காசி ரயிலடிப் பக்கம் இருந்த ஒரு ஐஸ் கம்பெனியில் மாமா சிபாரிசில் வேலை கிடைத்தது. ஐஸ் பாளங்களின் மேல் மரத்தூள் தூவுவது, தூவிய மரத்தூளைச் சோடாக்கடைக்காரர் திட்டும்போது கேட்டுக்கொள்வது, இவைதான் என் பயிற்சிக் காலம். வேறு பயிற்சி கிடையாது.

எங்கள் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. குற்றாலம் சீசனுக்கு வருகிறவர்கள் அருவியில் குளித்துக் கரையேறினால் பசி பசி என்று பறப்பார்கள். பங்களாக்களிலும் விடுதிகளிலும் கோழி கிடைக்காமல் சண்டை நடக்கும். தென்காசியிலேயே கோழியை அறுத்துச் சுத்தம் செய்து, கம்பெனியில் ஒரு குளிர் அறை கட்டி வைத்து, தினமும் காலையில் ஐஸ் பெட்டியில் அனுப்பினால் என்ன? யோசனை நல்ல யோசனைதான். ஆனால் கோழி உயிரோடு கொக்கரித்ததைக் காதால் கேட்காமல் அதை வாங்குவதற்கு அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஆள் கிடையாது. "செத்த கோழியையா விக்கீங்க?" என்று கேட்பார்கள். ஏதோ நாங்கள் மட்டும் செத்த கோழி விற்பது போலவும், மற்றவர்கள் வீட்டுக் குழம்பில் கோழி எழுந்து நடமாடுவது போலவும்.

இந்த அவநம்பிக்கையைப் போக்கத்தான் டாக்டர் சபாபதியை முதலாளி கூட்டி வந்தார். கால்நடை டாக்டர். யுத்த காலத்தில் பட்டாளத்துக்கு இறைச்சி அனுப்பும் கிடங்குகளில் இருந்தவர். பிறகு சர்க்கார் வேலையும் முடித்து ஓய்வு பெற்று, ஓய்வில் இருக்கத் தெரியாமல் எங்களிடம் வந்து சேர்ந்தார். ஒல்லி உடம்பு. அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை, தலையில் கம்பளித் தொப்பி. குளிர் அறைக்குள் போகும்போது தொப்பியைப் போட்டுக்கொள்வார், வெளியே வந்தபின் கழற்ற மறந்துவிடுவார். சித்திரை வெயிலில் கம்பளித் தொப்பியோடு தென்காசி பஜாரில் நடக்கும் ஒரே மனிதர் அவர்தான். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். என்னை "வே" என்பார், "நீரு" என்பார். கோபம் வந்தால் "நீங்க" என்று ஆரம்பிப்பார். அந்த "நீங்க" காதில் விழுந்தால் நான் மரத்தூள் மூட்டைகளின் பக்கம் நகர்ந்துவிடுவேன்.

அவருடைய முறையைச் சொல்கிறேன். கோழியை அறுத்து, இறகு பிடுங்கி, குடல் எடுத்து, முதலில் நல்ல தண்ணீரில் உள்ளும் புறமும் கழுவ வேண்டும். கழுவியதைத் தலைகீழாகத் தொங்கவிட்டு வடிக்க வேண்டும். வடிந்த பிறகுதான் ஆசிட் தண்ணீர். மலைக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் பால் உறைவதற்கு ஊற்றும் அசெட்டிக் ஆசிட், பெரிய கண்ணாடிச் சாடிகளில் வைக்கோல் சுற்றி செங்கோட்டை வழியாக ரயிலில் வரும். ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு டம்ளர் கணக்கில் அவரே ஊற்றிக் கலப்பார். என்னை விடமாட்டார். என் மதிப்பெண் அவருக்குத் தெரியும்.

பாக்கெட் கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கோழியைக் காலைப் பிடித்து முக்குவார். எடுத்து மறுபடி வடிப்பார். ஆட்காட்டி விரலால் நெஞ்சுத் தோலின் மேல் ஒரு இழுப்பு இழுப்பார். வழவழவென்று போனால் திரும்பவும் முதலிலிருந்து. தோல் விரலைப் பிடித்து நிறுத்தினால் குளிர் அறைக்குப் போகலாம். அதுவும் ஒரு சொட்டுத் தண்ணீர் சொட்டக் கூடாது. ஒரு கோழிக்கும் அடுத்த கோழிக்கும் இடையில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி வேண்டும். கோழிக்குக் கிடைத்த இடவசதி எனக்கு என் வாடகை வீட்டில் இருந்ததில்லை.

"இதுல கிருமி செத்துப்போயிருமா சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாதி சாவும். மீதி மயங்கிக் கெடக்கும். மயங்கினதைக் குளிருல தூக்கிப் போட்டா எந்திரிக்க ரொம்ப நேரமாகும் வே. அதுக்குள்ள கோழி அடுப்புக்குப் போயிரணும். அம்புட்டுதான் நம்ம வித்தை."

ஒவ்வொரு நாள் சரக்கிலும் ஒரு கோழியை விற்காமல் குளிர் அறையில் ஒரு மூலையில் தொங்கவிடுவார். மறுநாளும் அதற்கு மறுநாளும் முகர்ந்து பார்ப்பார். காலை வேளையில் ஒரு படித்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு கோழியின் வயிற்றுக்குள் மூக்கை விட்டு நிற்பதைப் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு இட்லி இறங்குவது கொஞ்சம் சிரமம்தான். நான் சமாளித்துக்கொண்டேன்.

ஒன்றிரண்டு சீசன் நல்லபடியாகப் போயிற்று. பிறகுதான் சுபேதார் வேலுச்சாமியின் விருந்து வந்தது.

சுபேதார் வாசுதேவநல்லூர்ப் பக்கம் நிலபுலன் உள்ளவர். பட்டாளத்திலிருந்து மீசையோடு திரும்பியவர். சீசனில் குற்றாலத்தில் ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு தங்குவார். அந்த வருஷம் அவர் மகளுக்குச் சிவகிரியில் ஒரு சம்பந்தம் தகைந்து வந்தது. மாப்பிள்ளை வீட்டாரைக் குற்றாலத்துக்கே அழைத்து விருந்து வைத்துப் பேசி முடிப்பது என்று ஏற்பாடு. கோழி எங்களிடமிருந்து போயிற்று. விருந்து முடிந்த மறுநாள் காலையில் மாப்பிள்ளையின் தகப்பனார், தாய்மாமன், சுபேதாரின் சொந்த அண்ணன் எல்லோரும் தென்காசி ஆஸ்பத்திரியில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். வாந்தி, பேதி, காய்ச்சல்.

சுபேதார் குதிரை வண்டியில் நேரே எங்கள் கம்பெனிக்கு வந்து இறங்கினார். சொந்த வயிறும் சரியில்லை என்பது அவர் நின்ற விதத்தில் தெரிந்தது. அப்படியும் விறைப்பாகத்தான் நின்றார்.

"எவன்வே அந்தக் கோழி டாக்டர்? கெட்டுப்போன கோழியக் காடித் தண்ணியில முக்கி வாடையை மறச்சு அனுப்பியிருக்கீரே, மனுசன்தானா நீரு? சம்பந்தி வாயில நுரை தள்ளக் கெடக்காரு. எம் மக கல்யாணம் நின்னா இந்தக் கம்பெனிய நான் நிக்க விடமாட்டேன்."

வாடையை மறைப்பதற்காக வினிகர் மாதிரிப் புளித்த காடியில் முக்கும் கடைக்காரர்கள் அந்தக் காலத்தில் உண்டு. அதனால் அந்தக் குற்றச்சாட்டு நறுக்கென்று ஒட்டிக்கொண்டது. மாலைக்குள் பஜார் முழுக்கப் பரவியது. மறுநாள் முதலாளி வந்தார். சுபேதார் வாயாலேயே கோழி சரி என்று வந்தால் ஒழியக் குளிர் அறையைப் பூட்டிவிட வேண்டியதுதான், டாக்டரும் ஊருக்குப் புறப்பட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். "இந்த வயசுல கெட்ட கோழி வித்தவன்னு பேர் எடுத்துக்கிட்டுப் போகணுமா வே?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "வாரும், ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார்.

ஆஸ்பத்திரியில் அவர் ஒவ்வொரு கட்டிலின் பக்கத்திலும் உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கேட்டார். என்ன சாப்பிட்டீர்கள்? வைத்தியம் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு பங்களாவுக்குப் போய், படுக்காமல் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்களைக் கேட்டார். விஷயம் மெல்ல மெல்லத் தெளிந்தது. சுபேதாருக்குப் பட்டாள மெஸ்ஸின் ஞாபகம். முக்கியஸ்தர்களுக்கு முழுக் கோழியாகப் பொரித்து வைக்கச் சொல்லியிருக்கிறார். பெண்களுக்கும் வண்டிக்காரர்களுக்கும் துண்டு போட்ட குழம்பு. படுத்தவர்கள் அத்தனை பேரும் முழுக் கோழிக்காரர்கள். குழம்புக்காரர்கள் யாருக்கும் தலைவலிகூட இல்லை. கௌரவம் கூடக் கூட வயிற்றோட்டமும் கூடியிருந்தது. தாய்மாமனுக்கு எவ்வளவு மரியாதை நடந்திருக்கிறது என்பது ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தாலே தெரிந்தது.

"முழுக் கோழி மேல செவந்திருக்கும், உள்ள எலும்புகிட்ட வெந்திருக்காது" என்றார் டாக்டர். "ஆனா அது மட்டும் போதாது வே. நம்ம கிட்ட இருந்து போனப்போ அதுல இம்புட்டுக் கிருமி இல்ல. எங்கியோ ஏறியிருக்கு."

அதே நாள் சரக்கிலிருந்து நிறுத்திவைத்த கோழி குளிர் அறையில் சுத்தமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதே சரக்கை வாங்கிய விடுதியிலும் யாருக்கும் ஒன்றுமில்லை. மிச்சம் இருந்தது பங்களாவின் அடுப்படிதான்.

அடுப்படியில் சமையல்காரர் சங்கரபாண்டி எங்களைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். நல்ல உயரம், பெரிய கைகள், நரைத்த தலை, குழந்தை முகம். டாக்டர் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவரிடம் முதலில் மிளகாய் அரைப்பது பற்றிப் பேசினார். அப்புறம் தேங்காய் பற்றி. அதற்கப்புறம்தான் கோழி.

"பெட்டியத் தெறந்ததும் எப்பிடி இருந்துச்சு?"

"ஐயா கோவப்படப்பிடாது. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா புளிச்ச வாடை குப்புன்னு அடிச்சுது. கோழி புளிச்சா என்னங்கய்யா அர்த்தம்? நாஞ் சமையல்காரன், எனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதனால என்ன செஞ்சீரு?"

"கழுவினேன். நாலு தண்ணியில கழுவியும் போவல. சரின்னுட்டு ஒரு கூடையில வச்சு, மேல கல்லத் தூக்கிப் போட்டு, பின்னால ஓடுது பாருங்க வாய்க்கால், அங்கன எறக்கி வச்சேன். அருவித் தண்ணிலா! மலையில மூலிகையெல்லாம் கரைஞ்சு வருத தண்ணி. பைத்தியமே தெளியுதுங்காங்க. கோழி வாடை தெளியாதா? மத்தியானம் எடுத்துப் பாத்தேன், வாடை சுத்தமாப் போயிருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. அவர் எழுந்து வெளியே வந்து வாய்க்காலின் கரையோடு மேலே நடந்தார். நானும் போனேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. வாய்க்காலின் மேல்பக்கத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்த கூட்டத்தின் எண்ணெயும் சீயக்காயும் மிதந்து வந்தன. ஒருவர் கோவணம் துவைத்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் மேலே, ஒரு பாறை மறைவில், இன்னொருவர் செய்துகொண்டிருந்ததை நான் எழுத முடியாது. டாக்டர் திரும்பி நடந்தார்.

"கெடச்சிட்டு சார்!" என்றேன். "இப்பமே போய் சுபேதார்கிட்ட சொல்லிருவோம்."

"என்னன்னு சொல்லுவீரு?"

"நடந்ததைத்தான். சங்கரபாண்டி கோழிய வாய்க்கால்ல போட்டுட்டாருன்னு."

"சொன்ன உடனே அந்த மீசைக்காரரு அவரைப் பெல்ட்டக் கழத்தி அடிப்பாரு. இந்த வயசுக்கு மேல எவன் வேல குடுப்பான்? சரி, அவரை விட்டுருவோம். தண்ணி கெட்டுக் கெடக்குன்னு சொல்லுவோமா?"

சீசன் நடுவில், குற்றாலத்தில் நின்றுகொண்டு, குற்றாலத் தண்ணீரைக் குற்றம் சொல்வது. வழியில் ஒரு விடுதிக்காரரிடம் டாக்டர் ஜாடையாகப் பேச்சை எடுத்துப் பார்த்தார். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க சொல்லுதது நெசமாவே இருக்கட்டும் அண்ணாச்சி. சாரல் நின்ன பெறவு சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அன்று மாலை டாக்டர் சுபேதாரின் முன்னால் போய் நின்றார். கூட நான். சுபேதார் சாய்வு நாற்காலியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"தப்பு என்னுதுதான்" என்றார் டாக்டர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுபேதாருக்கும்தான். சண்டைக்குத் தயாராக இருந்தவருக்குச் சண்டை கிடைக்காத ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது.

"கோழி கெட்ட கோழி இல்ல. ஆனா, கெட்ட கோழி மாதிரி வாடை அடிக்கும்படியா அனுப்பிவச்சேன். நல்ல சமையல்காரன் யாரா இருந்தாலும் அதைத் திரும்பக் கழுவத்தான் செய்வான். கழுவுனதுல நான் செஞ்ச வேலையெல்லாம் போயிட்டு. அதை நான் முன்னமே யோசிச்சிருக்கணும். யோசிக்கல."

எங்கே கழுவினார் என்று சொல்லவில்லை. சுபேதாரும் கேட்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற சங்கரபாண்டியின் மூச்சு எனக்குக் கேட்டது.

சுபேதார் கஞ்சியைக் கீழே வைத்தார். "பட்டாளத்துல முப்பது பேரு தப்பு செஞ்சா முப்பது பேரும் மத்தவனக் கை காட்டுவான். நீரு ஒத்துக்கிட்டீரு. அதுக்கு ஒரு சல்யூட்" என்றார். "ஆனா சம்பந்தி வீட்டுக்காரங்க பயந்து போயிருக்காக. ஒடம்பு தேறினதும் திரும்பக் கூப்பிட்டிருக்கேன், வருதோம்னுட்டாக. கோழி உம்ம கிட்ட இருந்துதான் வரும். பந்தியில முதல் இலையில நீரு உக்காரணும். நீரு தின்ன பெறவுதான் மத்தவங்க இலையில விழும். நல்லபடியா முடிஞ்சா, நானே பஜார்ல நின்னு உம்ம கோழிதான் கோழின்னு சொல்லுதேன்."

"ஆகட்டும்" என்றார் டாக்டர்.

வண்டி பிடித்துக் கிளம்பினோம். ரயில்வே கேட் அடைத்திருந்தது. வண்டி நின்றபோதுதான், "வே, ஒரு சங்கடம் இருக்கு" என்றார்.

"என்ன சார்?"

"நான் சைவம்."

நான் அவரையே பார்த்தேன். ஆயுள் முழுக்க ஆட்டின் ஈரலையும் கோழியின் வயிற்றையும் முகர்ந்து முகர்ந்து பார்த்த மனிதர். வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் வரும் சாப்பாட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார். டாக்டர்களின் கௌரவம் என்று நினைத்திருந்தேன்.

"ஒரு துண்டுகூடத் தின்னதில்லியா சார்?"

"முட்டைகூடக் கிடையாது. எங்க அம்மா கண்ண மூடும்போது, இந்த வேலைக்குப் போற, கையால தொடு, வாயில வைக்காதேன்னாங்க. வைக்கல."

வேறு யாராக இருந்தாலும் சுபேதாரிடம் போய் இதைச் சொல்லித் தப்பித்திருப்பார்கள். சொன்னால் சுபேதார் என்ன நினைப்பார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். திங்கப் பயந்துதான் சைவமாகிவிட்டான் என்பார்.

ஆனால் அந்த யோசனையில் அவர் வேலையை விட்டுவிடவில்லை. விருந்துக்கு முந்தின நாள் குளிர் அறை வாசலில் தயிர்ப் பானைகள் வந்து இறங்கின. நன்றாகப் புளிக்கவிட்ட கட்டித் தயிர். வழக்கம்போல ஆசிட் தண்ணீரில் முக்கி வடித்த கோழியைத் துண்டு போட்டு, தயிர், உப்பு, மஞ்சள், இஞ்சி, மிளகாய் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, மூடிய தூக்குகளில் அடைத்துக் குளிர் அறையில் வைத்தார். பிசைந்தது நான்தான். என் ரசாயனப் படிப்புக்கு முதன்முதலாக ஒரு பிரயோஜனம்.

"இதுவும் ஆசிட்தான் வே" என்றார், தூக்கை மூடியபடி. "தயிர்ல இருக்கது வேற ஆசிட், செய்யுத வேல ஒண்ணுதான். இது புளிச்சா யாரும் மூக்கைப் பொத்த மாட்டாங்க. மசாலா தடவினதை யாரும் கழுவவும் மாட்டாங்க."

விருந்தன்று நடுப்பகலில் தூக்குகளைச் சங்கரபாண்டி திறந்தார். மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் நெடுநேரம் முகர்ந்தார்.

"இது நல்ல புளிப்பு" என்றார். வாய்க்கால் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே சட்டியில் போட்டார். டாக்டர் சைவம் என்பதை நான் அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. வாய் நிற்கவில்லை, சொல்லிவிட்டேன். கரண்டி சட்டிக்குள் அப்படியே நின்றது.

பந்தி விரித்தார்கள். முதல் இலையில் டாக்டர். அரைக்கால் சட்டையோடு சம்மணம் போட்டு, தலையில் தொப்பியோடு. எதிரே சம்பந்தி, தாய்மாமன், எல்லோரும் வெறும் இலையின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கரபாண்டி வந்து குனிந்தார். வைக்கவில்லை. நிமிர்ந்தார்.

"எசமான், சமைச்சவன் நான். முதல்ல நான் திங்கேன். எனக்கு ஒண்ணும் ஆவலன்னா..."

"ஏலே, நீ கல்லக் குடுத்தாலும் செமிக்குத பய" என்றார் சுபேதார். "தள்ளிப் போலே."

டாக்டர் சங்கரபாண்டியை நிமிர்ந்து பார்த்தார். "வையும்" என்றார் மெதுவாக. "நான் தின்னாத்தான் நம்புவாங்க."

ஒரு துண்டு இலையில் விழுந்தது. அவர் அதை எடுத்து எலும்பை ஒட்டிப் பிளந்தார். உள்ளே நிறம் பார்த்தார். விரலால் அழுத்தி, வருகிற சாறு தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தார். முகர்ந்தார். இதுவரைக்கும் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டார். மென்றார். அந்த மெல்லலில் ருசி பார்க்கும் அடையாளம் எதுவும் இல்லை. விழுங்கினார். தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது.

"வெந்திருக்கு" என்றார்.

"பெறவென்ன, போடுங்கய்யா!" என்று தாய்மாமன் கத்தினார். பந்தியே உயிர் பெற்றது. சங்கரபாண்டி பரிமாறிக்கொண்டே துண்டால் முகத்தைத் துடைத்தார். அடுப்புப் புகை என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை. சுபேதார் மட்டும் டாக்டரின் இலையில் இன்னும் இரண்டு துண்டு வைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். அன்பு அப்படிப்பட்டது.

சாயங்காலம் குதிரை வண்டியில் தென்காசிக்குத் திரும்பினோம். குற்றாலத்தைத் தாண்டி மரங்கள் அடர்ந்த இடத்தில் டாக்டர் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி ஒரு புளியமரத்துக்குப் பின்னால் போனார். வந்த சத்தத்தைக் கேட்டு நான் ஓடினேன். மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்.

"ஐயோ சார், கிருமியா?"

"கிருமிக்கு இன்னும் நேரமாகல வே. இது மனசு." வாயைத் துடைத்துக்கொண்டார். "முதலாளிகிட்ட, விருந்தாளிகள் யாருக்கும் ஒண்ணும் இல்லன்னு சொல்லும். நான் விருந்தாளி இல்ல, கம்பெனி ஆள்."

எத்தனையோ நோயாளிகளைக் கேள்வி கேட்டவர், கடைசியில் அந்தக் கோழியைத் தின்று வாந்தி எடுத்த ஒரே மனிதராக நின்றார். வெளியே தெரிந்தால் குளிர் அறைக்கு அன்றோடு சரி. நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். வண்டிக்காரர் மட்டும் குதிரையைத் தட்டிக்கொடுத்தபடி எட்டிப் பார்த்தார்.

"ஐயாவுக்கு என்ன செய்யுது?"

"பித்தம்" என்றேன்.

"அடடே, பித்தந்தானா? இதுக்குப் போயி மரத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்காகளே! திரும்ப அருவிக்கு விடுதேன். ஒரு குளி குளிச்சா எல்லாம் ஓடிப்போவும். மூலிகைத் தண்ணிலா!"

டாக்டர் வெகுநேரம் வண்டிக்காரரைப் பார்த்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "விடும்" என்றார்.

பேரருவியில் கூட்டம் நெரித்தது. வண்டிக்காரரின் துண்டைக் கட்டிக்கொண்டு, தொப்பியை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே புகுந்தார். எண்ணெய் மினுங்கும் முதுகுகளுக்கு நடுவில், ஒல்லியான அந்த உடம்பின் மேல் தண்ணீர் மொத்து மொத்தென்று மொத்தியது. சுற்றி நின்றவர்கள் கூவினார்கள், அண்ணாந்து வாய் நிறையப் பிடித்துக் கொப்பளித்தார்கள், குடித்தார்கள். டாக்டர் மட்டும் கண்ணை மூடி, முகமெல்லாம் சந்தோஷமாக, வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார்.